கேட்ட அளவுக்கு மட்டும் உலுக்குதல்: அதிர்வுச் சோதனை இயந்திரங்கள் இயங்கும் விதம்

அதிர்வு என்றதும் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமே நினைவுக்கு வருகிறது. ஆனால் பொருள்களைச் சேதப்படுத்தும் அதிர்வில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஒரு மேடை நொடிக்கு 10 முறை, மேலும் கீழுமாக மொத்தம் 25 மில்லிமீட்டர் ஆடினால், அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஐந்து மடங்கு, அதாவது 5 ஜி. அதே மேடை நொடிக்கு 2000 முறை ஆடிக்கொண்டு 10 ஜி முடுக்கத்தைத் தர வேண்டும் என்றால், நடுநிலையிலிருந்து அது நகர வேண்டிய தூரம் ஒரு மைக்ரான்கூட இல்லை, 0.62 மைக்ரான் போதும். முன்னதை எதிரே நிற்பவர் பார்க்கலாம். பின்னதில் மேடை அசையாமல் கிடப்பதாகத் தோன்றும். காதைத் துளைக்கும் விசில் ஓசை மட்டும் கேட்கும். முடுக்கத்தை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டாவதே இரு மடங்கு கடுமையானது.

இதற்குப் பின்னால் இருப்பது பள்ளி இயற்பியலில் வரும் எளிய தொடர்பு. சீராக முன்னும் பின்னும் ஆடும் பொருளின் உச்ச முடுக்கம் அதன் வீச்சுக்கும் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. அதிர்வெண் இரட்டித்தால் அதே முடுக்கத்துக்கு நான்கில் ஒரு பங்கு நகர்வு போதும். பாதியானால் நான்கு மடங்கு நகர்வு வேண்டும். நொடிக்கு ஒரே ஒரு முறை ஆடி 1 ஜி முடுக்கத்தைத் தர வேண்டிய மேடை ஏறத்தாழ அரை மீட்டர் தூரம் போய் வர வேண்டியிருக்கும். நிலநடுக்கத்தைப் போலச் செய்யும் இயந்திரமும் ராக்கெட்டின் அதிர்வைப் போலச் செய்யும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவைபோல் காட்சியளிப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

எந்தப் பொருளையும் வெறுமனே உலுக்குவது கடினமன்று. மோட்டாரின் அச்சில் மையம் விலகிய எடை ஒன்றை மாட்டிச் சுழற்றினால் போதும். குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட அதிர்வெண்களில், குறிப்பிட்ட முடுக்கத்தை மட்டும், கூடாமலும் குறையாமலும் கொடுப்பதுதான் கடினம். அதிர்வுச் சோதனைக் கூடத்தில் இருக்கும் விலையுயர்ந்த பகுதிகள் ஏறக்குறைய அனைத்தும் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவையே.

இந்த இயந்திரங்களில் மிக எளியது இயந்திரவகை மேடை. மோட்டார் ஒன்று மையம் விலகிய அச்சைச் சுழற்ற, மேடை நிலையான வீச்சில் மேலும் கீழுமாக ஆடும். லாரியில் ஏறப்போகும் அட்டைப்பெட்டிகளைச் சோதிக்க இது இன்றும் போதுமானதாக இருக்கிறது. பெட்டிச் சோதனைக்கென உலகெங்கும் பின்பற்றப்படும் இஸ்டா 1ஏ முறையில் மேடையின் மொத்த நகர்வு 25 மில்லிமீட்டர். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், பெட்டி மேடையை விட்டுத் துள்ளத் தொடங்கி, அதன் அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகப் பட்டையை நுழைக்க முடிகிற நிலை வந்ததும் அங்கேயே நிறுத்தி வைக்கிறார்கள். மேடையின் முடுக்கம் 1 ஜியைத் தாண்டினால்தான் பெட்டி துள்ளும் என்பதால் அந்த வேகம் நொடிக்கு நாலரை சுற்றுக்கு அருகில் அமையும். அந்த நிலையில் 14,200 மோதல்கள் ஆகும் வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், பெட்டி குதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நுட்பமான கட்டுப்பாடு எதுவும் இதில் இல்லை, தேவையும் இல்லை.

மின்னணுக் கருவி, வாகன உதிரிப்பாகம், செயற்கைக்கோள் என்று வரும்போது வேலை மின்இயக்கவகை ஷேக்கரிடம் போகிறது. அடிப்படையில் அது ஒரு ஒலிபெருக்கிதான். காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது; ஒலிபெருக்கியில் அந்தச் சுருள் ஒரு காகிதக் கூம்பை அசைக்கிறது, ஷேக்கரில் அலுமினியத்தாலோ மக்னீசியத்தாலோ வார்த்த ஆர்மேச்சர் என்னும் தலைப்பகுதியை அசைக்கிறது. விசையின் அளவு காந்தப் புலச்செறிவு, மின்னோட்டம், சுருளில் உள்ள கம்பியின் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கல். சிறிய ஷேக்கர்களில் நிலைக்காந்தம் போதும். பெரியவற்றில் நேர்மின்னோட்டம் பாயும் மின்காந்தங்கள் அந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. உள்ளங்கையளவில் சில பத்து நியூட்டன் விசை தருவதில் தொடங்கி, செயற்கைக்கோள் முழுவதையும் உலுக்கும் நூற்றுக்கணக்கான கிலோநியூட்டன் வரை இந்த ஒரே தத்துவம் நீள்கிறது. சுருளில் உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றுவது பெரும் சிக்கல் என்பதால் நடுத்தர ஷேக்கர்களில் காற்றும், மிகப் பெரியவற்றில் கம்பிக் குழல்களுக்குள்ளேயே ஓடும் நீரும் குளிர்விக்கின்றன. மின்னோட்டத்தை வழங்கும் ஆம்ப்ளிஃபயர் பல கூடங்களில் ஷேக்கரை விட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இத்தகைய ஷேக்கரை விலைக்கு வாங்குவோர் முதலில் பார்ப்பது விசை எவ்வளவு என்பதைத்தான். அது மட்டும் போதாது. ஒரே ஷேக்கருக்கு மூன்று எல்லைகள் உண்டு. எந்த எல்லை முதலில் இடிக்கும் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. மொத்த நகர்வு 51 மில்லிமீட்டர், உச்ச வேகம் நொடிக்கு 2 மீட்டர், வெறும் மேடையில் உச்ச முடுக்கம் 100 ஜி என்ற அளவுகள் கொண்ட ஷேக்கரை எடுத்துக்கொள்வோம். சுமார் 12 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 12 முறை, வரை சுருள் நகரக்கூடிய தூரமே தடையாக நிற்கிறது. அங்கிருந்து சுமார் 78 ஹெர்ட்ஸ் வரை வேகம் தடை, ஏனெனில் காந்தப் புலத்தில் விரைந்து நகரும் சுருள் தானே எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்க, அதை மீறித் தள்ளும் மின்னழுத்தம் ஆம்ப்ளிஃபயரில் தீர்ந்துபோகிறது. அதற்கு மேல்தான் விசை எல்லையாகிறது. மேல்முனையில், பெரும்பாலும் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள், ஆர்மேச்சரே தன் இயல்பு அதிர்வெண்ணை எட்டி நீண்டு சுருங்கத் தொடங்கிவிடுவதால் அதோடு பயன்பாட்டு எல்லை முடிகிறது.

விசைக் கணக்கிலும் அடிக்கடி மறக்கப்படும் ஒன்று உண்டு. 20 கிலோ எடையுள்ள பெட்டியை 10 ஜியில் உலுக்க 2 கிலோநியூட்டன் போதும் என்று தாளில் தோன்றும். ஆனால் ஷேக்கர் பெட்டியை மட்டும் தூக்குவதில்லை. 30 கிலோ ஆர்மேச்சரையும் 40 கிலோ ஃபிக்ஸ்சரையும் சேர்த்தே உலுக்குகிறது என்றால் தேவைப்படும் விசை 9 கிலோநியூட்டனை நெருங்கிவிடும்.

ஃபிக்ஸ்சர் என்பது சோதிக்கப்படும் பொருளை மேடையோடு பிணைக்கும் இடைக்கட்டுமானம். வெளியார் கண்ணுக்கு அது வெறும் உலோகத் துண்டு. சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவருக்கோ பாதித் தலைவலி அங்கேதான். சோதனையின் அதிர்வெண் வரம்புக்குள் ஃபிக்ஸ்சருக்கே ஒத்ததிர்வு (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அசைவு தானாகப் பெருகுவது) இருந்தால், மேடை 1 ஜியில் ஆடும்போது பொருள் 8 ஜியையும் பெறலாம், இன்னொரு மூலையில் ஒன்றுமே பெறாமலும் போகலாம். ஆகவே ஃபிக்ஸ்சர் விறைப்பாகவும் இருக்க வேண்டும், எடை குறைவாகவும் இருக்க வேண்டும். எஃகு, அலுமினியம், மக்னீசியம் மூன்றிலும் விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே என்பது வியப்பானது. அப்படியிருந்தும் மக்னீசியம் விரும்பப்படுவதற்குக் காரணம், அதே எடையில் அதன் தகடு எஃகுத் தகட்டைப் போல நாலரை மடங்கு தடிமனாக அமையும் என்பதும், வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதும்தான். மக்னீசியம் அதிர்வைத் தனக்குள்ளேயே ஓரளவு விழுங்கிவிடுவது கூடுதல் நன்மை.

கிடைமட்டத் திசையில் உலுக்க வேண்டுமானால் ஷேக்கரைப் பக்கவாட்டில் சாய்த்து, ஸ்லிப் டேபிள் எனப்படும் மக்னீசியத் தகட்டோடு இணைக்கிறார்கள். அந்தத் தகடு மட்டமாக இழைத்த கருங்கல் பாளத்தின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் வழுக்கிக்கொண்டு ஆடுகிறது. பொருளின் எடையைக் கல் தாங்கிக்கொள்ள, ஷேக்கர் தள்ளுவதை மட்டும் பார்த்துக்கொள்கிறது. இந்த எண்ணெய்ப் படலத்தைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

இவ்வளவு உலுக்கி எதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் ஒத்ததிர்வுதான். ஒவ்வொரு கட்டமைப்புக்கும் இயல்பான சில அதிர்வெண்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அவற்றோடு பொருந்தும்போது, அசைவை அடக்கும் தணிப்பு குறைவாக இருந்தால் அசைவு பல மடங்கு பெருகும். தணிப்பு விகிதம் 5 சதவீதமாக உள்ள சர்க்யூட் பலகை ஒத்ததிர்வில் உள்ளீட்டைப் பத்து மடங்காக்கும். 2 ஜி நுழைந்தால் பலகையின் நடுப்பகுதி 20 ஜியில் வளைந்து நிமிரும். அந்த வளைவில் பலகை உடைவதில்லை; அதன்மேல் பற்றவைத்த உறுப்புகளின் கால்களும் ஈயப் பற்றுகளும் களைத்து விரிசல் விடுகின்றன. பலகையைத் தாங்கும் பெட்டியின் இயல்பு அதிர்வெண்ணைப் போல் குறைந்தது இரு மடங்காகப் பலகையின் இயல்பு அதிர்வெண் இருக்க வேண்டும் என்று மின்னணுக் கட்டமைப்பாளர்கள் கடைப்பிடிக்கும் விதி இதைத் தவிர்ப்பதற்காகவே. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் பத்து மடங்கு நூறு மடங்காகிவிடும்.

சைன் சோதனை இதைத் தேடுவதற்கு ஏற்றது. ஒரு நேரத்தில் ஒரே அதிர்வெண்ணைக் கொடுத்து, கீழிருந்து மேலாக மெல்ல ஏற்றிக்கொண்டு போவார்கள். உறுமலாகத் தொடங்கும் ஓசை கூர்மையாகி விசிலாக மாறும். நிமிடத்துக்கு ஒரு ஆக்டேவ், அதாவது நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்வெண் இரட்டிக்கும் வேகத்தில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 2000 ஹெர்ட்ஸை எட்ட ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். பொருளின்மேல் ஒட்டிய முடுக்கமானிகள் எந்த அதிர்வெண்ணில் எத்தனை மடங்கு பெருக்கம் என்பதைக் கோடாக வரைந்து தந்துவிடும். கடும் சோதனைக்கு முன்னும் பின்னும் இந்த மெல்லிய தேடலைச் செய்து இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது வழக்கம். 140 ஹெர்ட்ஸில் இருந்த சிகரம் 128க்கு நகர்ந்திருந்தால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே ஏதோ தளர்ந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் சாலையும் ராக்கெட்டும் ஜெட் விமானமும் ஒரு நேரத்தில் ஒரு அதிர்வெண்ணைத் தருவதில்லை; எல்லாவற்றையும் ஒருசேரக் கலந்து தருகின்றன. அதனால்தான் ரேண்டம் எனப்படும் ஒழுங்கற்ற அதிர்வுச் சோதனை வந்தது. இதில் அடுத்த கணம் மேடை எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் சராசரியாக எவ்வளவு ஆற்றல் இருக்க வேண்டும் என்பது துல்லியமாக வகுக்கப்பட்டிருக்கும். அந்த வகுப்பின் அலகு, ஹெர்ட்ஸுக்கு இத்தனை ஜி வர்க்கம். அமெரிக்கக் கடற்படை 1979இல் நவ்மாட் பி-9492 என்ற ஆவணத்தில் வெளியிட்ட கோடு இன்றும் பலருக்கு மனப்பாடம்: 80 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை 0.04, அதன் இருபுறமும் சரிவு, மொத்தம் சுமார் 6 ஜி ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்). தயாரித்து முடித்த மின்னணுக் கருவியில் சரியாகப் பற்றாத ஈயமும் முடுக்காமல் விட்ட திருகும் இருந்தால் அவற்றை வாடிக்கையாளரிடம் போகும் முன்பே வெளிக்கொணர்வதுதான் அந்தக் கோட்டின் வேலை. அது எந்தக் கப்பலின் அதிர்வையும் அளந்து வரைந்ததன்று. அதை வடிவமைப்புச் சோதனையாக எண்ணிப் பயன்படுத்துவோர் அந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது கட்டுப்பாட்டுக்கு வருவோம், ஏனெனில் இயந்திரத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது. ஃபிக்ஸ்சரில் பொருள் பிணைக்கப்பட்ட இடத்துக்கு அருகில் ஒரு முடுக்கமானியை ஒட்டுகிறார்கள். அதற்குள் இருக்கும் அழுத்தமின் படிகம், தன்மேல் ஏற்றிய சிறு எடையின் விசைக்கு ஏற்ப மின்னேற்றத்தை வெளியிடுகிறது. கன்ட்ரோலர் முதலில் மிகக் குறைந்த அளவில் ஒரு சமிக்ஞையை அனுப்பி, அதற்கு அந்த இடம் எப்படிப் பதிலளிக்கிறது என்று பார்க்கும். எந்த அதிர்வெண்ணில் அமைப்பு தானாகப் பெருக்குகிறதோ அங்கே குறைத்தும், எங்கே சோம்புகிறதோ அங்கே கூட்டியும் அனுப்பினால் கேட்ட கோடு மேடையில் கிடைக்கும். பின்னர் முழு அளவில் பதினாறில் ஒரு பங்கு ஆற்றல், நான்கில் ஒரு பங்கு, பாதி என்று படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் அளந்து திருத்திக்கொண்டு முழு அளவுக்குப் போகும். முழு அளவிலும் அளப்பதும் திருத்துவதும் நிற்பதில்லை. கோட்டுக்கு மேலே இரு மடங்கு, கீழே பாதி என்பது வழக்கமான சகிப்பு எல்லை. அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் தானாகவே நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்திவிட வேண்டும் என்று எழுதுவது எளிது. நடைமுறையில் அது எப்படித் தவறும் என்பதை 2000ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் நடந்த நிகழ்வு காட்டுகிறது. சூரியனின் வெடிப்புகளை ஆராய்வதற்கான ஹெஸ்ஸி என்ற விண்கலம் அங்கே ஸ்லிப் டேபிளின்மேல் ஏற்றப்பட்டிருந்தது. கொடுக்க வேண்டியது, சைன் பர்ஸ்ட் எனப்படும் ஒரு நொடிக்கும் குறைவான குறுகிய அதிர்வு. அளவு சுமார் 2 ஜி. விண்கலம் பெற்றதோ அதைப் போல் பத்து மடங்கு, சுமார் 20 ஜி. கட்டமைப்பில் விரிசல் விழுந்தது, சூரியத் தகடுகள் சேதமடைந்தன.

விசாரணையில் தெரியவந்தது இது. ஷேக்கரின் தாங்குபகுதியில் ஏற்பட்டிருந்த பழுதால் அது நேர்கோட்டிலிருந்து விலகியிருந்தது. அந்த விலகலால் மக்னீசியத் தகடு கருங்கல்லின்மேல் வழுக்காமல் ஒட்டிப் பிடித்திருந்தது. கன்ட்ரோலர் வழக்கம்போல முதலில் மெல்லிய சமிக்ஞையை அனுப்பிப் பார்த்தது. தகடு ஒட்டிக்கொண்டிருந்ததால் பதில் மிகக் குறைவாக வந்தது. அமைப்பு சோம்பலானது, ஆகவே 2 ஜி பெற நிறையத் தள்ள வேண்டும் என்று கன்ட்ரோலர் கணக்கிட்டது. அந்தக் கணக்கின்படி முழுச் சமிக்ஞை போனபோது ஒட்டு விடுபட்டது. தடையின்றி வழுக்கிய தகட்டின்மேல் அவ்வளவு விசையும் இறங்கியது. பர்ஸ்ட் மிகக் குறுகியது என்பதால் இடையில் அளந்து திருத்துவதற்கு நேரமே இல்லை. குறைந்த அளவில் அமைப்பு எப்படி நடந்துகொண்டதோ அப்படியேதான் அதிக அளவிலும் நடந்துகொள்ளும் என்ற எண்ணத்தின்மேல்தான் இந்தக் கட்டுப்பாடு முழுவதும் நிற்கிறது. எண்ணெய்ப் படலம் பொய்த்த அன்று அந்த எண்ணமும் பொய்த்தது. கன்ட்ரோலர் தவறாக ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

2000ஆம் ஆண்டு நடுவில் ஏவத் திட்டமிட்டிருந்த அந்த விண்கலம் பழுதுபார்க்கப்பட்டு, ராக்கெட் தொடர்பான பிற தாமதங்களும் சேர்ந்துகொள்ள, 2002 பிப்ரவரி 5 அன்றுதான் கிளம்பியது. பின்னர் 2018 வரை இயங்கியது. அந்த விபத்துக்குப் பின் வலியுறுத்தப்பட்டவற்றில் முக்கியமானது, விலைமதிப்பற்ற பொருளை ஏற்றுமுன் அதே எடையுள்ள போலிப் பொருளையோ வெறும் மேடையையோ வைத்து முழு அளவில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது. செலவையும் ஒரு நாளையும் மிச்சப்படுத்த இன்றும் பல கூடங்களில் முதலில் வெட்டப்படும் படி இதுவேயாக இருப்பதைப் பார்க்கையில், எல்லோரும் அந்த அறிக்கையைப் படித்ததாகத் தெரியவில்லை.

சோதனை இயந்திரம் ஒழுங்காக நடந்துகொண்டு, பொருள் எதிர்பாராத விதத்தில் நடந்துகொண்ட கதையும் உண்டு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடிகளும் அறிவியல் கருவிகளும் அடங்கிய பகுதியை 2016 டிசம்பரில் மேரிலாந்தில் உள்ள நாசாவின் கோடார்டு மையத்தில் உலுக்கிக்கொண்டிருந்தபோது முடுக்கமானிகள் விசித்திரமான குறிப்புகளைக் காட்டின. சோதனை உடனே நிறுத்தப்பட்டது. மடித்து வைத்த கண்ணாடிச் சிறகு ஒன்றை ஏவுதலின்போது பிடித்து வைக்கும் பூட்டுகளில் மிக நுண்ணிய அசைவு இருந்ததும், அவை தட்டிக்கொண்டதுமே காரணம் என்று கண்டறிந்தபின் 2017 ஜனவரியில் சோதனை தொடர்ந்தது. ஒரு சிறு கடகடப்பைக் கண்டுகொண்டு நிறுத்த முடிந்ததற்கு, பொருளின் பல இடங்களில் முடுக்கமானிகளை ஒட்டி அவற்றுக்கும் எல்லை வகுத்திருந்ததே காரணம்.

விண்வெளியை விட்டுத் தரைக்கு வந்தால், இன்று இந்த இயந்திரங்களுக்கு மிக அதிகமாக வேலை கொடுப்பவற்றுள் லித்தியம் பேட்டரியும் ஒன்று. கைபேசி பேட்டரியாக இருந்தாலும் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியாக இருந்தாலும், விமானத்திலோ கப்பலிலோ அனுப்ப வேண்டுமானால் யுஎன் 38.3 என்ற ஐக்கிய நாடுகள் அவையின் சோதனைத் தொகுப்பில் தேற வேண்டும். அதில் ஒன்று அதிர்வு. 7 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறி மீண்டும் 7க்கு இறங்க 15 நிமிடம். அதுபோல் 12 முறை, மூன்று திசைகளிலும், திசைக்கு 3 மணி நேரம். சிறிய பேட்டரிக்கு முடுக்கம் 18 ஹெர்ட்ஸ் வரை 1 ஜி. பின்னர் வீச்சை 0.8 மில்லிமீட்டரில் நிலையாக வைத்துக்கொண்டு ஏற, சுமார் 50 ஹெர்ட்ஸில் முடுக்கம் 8 ஜியைத் தொடும்; அதற்கு மேல் அப்படியே. 12 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய பேட்டரிக்கு உச்சம் 2 ஜி. முடிவில் கசிவோ உடைவோ தீயோ இருக்கக் கூடாது, மின்னழுத்தம் முன்பிருந்ததில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உற்பத்தியாகும் மின்சார இருசக்கர வாகனங்களின் பேட்டரிகளுக்கு இதுதவிர இந்திய வாகனத் தரமான ஏஐஎஸ்-156இன் கீழும் அதிர்வுச் சோதனை உண்டு. இவை குறைந்தபட்ச எல்லைகள். வண்டி பல ஆண்டுகள் ஓட வேண்டிய சாலையை 3 மணி நேர சைன் சோதனை காட்டிவிடாது என்பதால், பொறுப்பான நிறுவனங்கள் சாலையில் அளந்த அதிர்விலிருந்து தங்களுக்கான கோட்டைத் தாங்களே வரைந்துகொள்கின்றன.

அளந்த அதிர்வைச் சோதனையாக மாற்றும்போது காலத்தைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாண்டுச் சாலையை ஐந்தாண்டு உலுக்க யாருக்கும் நேரமில்லை. உலோகத்தின் களைப்பு, அழுத்தம் கூடும்போது அதைவிடப் பன்மடங்கு வேகமாகச் சேர்கிறது என்ற அறிவைப் பயன்படுத்தி, அதிர்வின் அளவைக் கூட்டி நேரத்தைக் குறைக்கிறார்கள். இதற்கு எல்லை உண்டு. அளவை மிகைப்படுத்தினால் சாலையில் ஒருபோதும் உடையாத இடம் மேடையில் உடையும். ரப்பர் தாங்கிகள் சூடேறி உருகும். வடிவமைப்பாளர் இல்லாத நோய்க்கு மருந்து தேடி எடையைக் கூட்டுவார்.

நிலநடுக்கச் சோதனைக்கு மின்இயக்க ஷேக்கர் பயன்படாது. அங்கே அதிர்வெண் குறைவு, நகர்வு அதிகம், சுமை டன் கணக்கில். ஆகவே அழுத்தமேற்றிய எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் உருளைகள் மேடையைத் தள்ளுகின்றன. சர்வோ வால்வுகள் எண்ணெயின் போக்கை ஒவ்வொரு கணமும் மாற்றுகின்றன. 1995இல் கோபே நகரைச் சிதைத்த நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் மிக்கி நகரில் கட்டி 2005இல் இயக்கத் தொடங்கிய ஈ-டிஃபென்ஸ் அப்போது உலகிலேயே பெரிய மேடை: 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 1200 டன் சுமை, கிடைமட்டத்தில் இருபுறமும் 1 மீட்டர் வீதமும், செங்குத்தில் அரை மீட்டர் வீதமும் அசைவு, இதற்கு 24 உருளைகள். 2009 ஜூலையில் அதன்மேல் ஆறு மாடி மரக் கட்டடம் ஒன்றை முழு அளவில் எழுப்பியே உலுக்கினார்கள்.

அத்தனை பெரிய மேடை எல்லோருக்கும் வாய்க்காது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும் பெங்களூரில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்திலும் உள்ள மேடைகள் சிறியவை. முன்னதில் கட்டடப் பகுதிகளும் மாதிரிகளும், பின்னதில் துணைமின்நிலையக் கருவிகளும் சோதிக்கப்படுகின்றன. சிறிய மேடையில் கட்டடத்தின் குறுவடிவத்தை வைக்கும்போது நிலநடுக்கப் பதிவை அப்படியே ஓட்டக் கூடாது. முடுக்கத்தை மாற்றாமல் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியைச் சோதித்தால் காலத்தைப் பாதியாகச் சுருக்க வேண்டும். 20 நொடி நடுக்கம் 10 நொடியில் முடிந்துவிடும். அத்தோடு மாதிரியின் எடை அதன் வலிமைக்குப் பொருந்தாமல் குறைந்துபோவதால் ஒவ்வொரு தளத்திலும் ஈயமோ இரும்போ ஏற்றி ஈடுகட்ட வேண்டும். மாதிரியின்மேல் அடுக்கிய எடைக்கட்டிகளைப் பார்த்து அது தளவாடச் சுமையைக் காட்டுவதாகச் சிலர் நினைப்பதுண்டு. அது பெரும்பாலும் இந்த ஈடுகட்டல்தான்.

இந்த இயந்திரங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பொருள் தன் உண்மையான இடத்தில் ஒரே திசையில் மட்டும் அதிர்வதில்லை; ஆயினும் மிகப் பெரும்பாலான ஷேக்கர்கள் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் உலுக்குகின்றன. மூன்று திசைகளிலும் தனித்தனியே தேறிய கருவி மூன்றும் சேர்ந்து வரும்போது தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்னொன்று, பொருளைத் தாங்கும் தளம். ராக்கெட்டின் உச்சியில் செயற்கைக்கோள் அமர்ந்திருக்கும் தளம் ஓரளவு நெகிழக்கூடியது. செயற்கைக்கோள் தன் இயல்பு அதிர்வெண்ணில் ஆடும்போது அதன் எடை அந்தத் தளத்தையே அடக்கிவிடும். சோதனைக் கூடத்து மேடையோ எவ்வளவு எதிர்ப்பு வந்தாலும் கேட்ட முடுக்கத்தைக் கொடுத்தே தீரும். அந்த அதிர்வெண்களில் பறப்பில் வரவே முடியாத விசைகள் மேடையில் உண்டாகின்றன. இதைத் தவிர்க்க, பொருளுக்கும் ஃபிக்ஸ்சருக்கும் இடையே விசைமானிகளை வைத்து, விசை வகுத்த எல்லையை எட்டினால் அந்த அதிர்வெண்ணில் மட்டும் முடுக்கத்தைக் குறைக்கும் முறை 1990களில் நாசாவில் வளர்ந்து இப்போது பரவலாகிவிட்டது. சோதனைக் கோட்டில் வெட்டப்படும் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருக்கலாம் என்பது குறித்துச் செயற்கைக்கோளைச் செய்தவர்களுக்கும் ராக்கெட் தருபவர்களுக்கும் இடையே ஒவ்வொரு முறையும் பேரம் நடக்கும்.

ஒவ்வொரு உலுக்கலும் பொருளின் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது என்பதால், பறக்கப்போகும் கருவிக்கும் வடிவமைப்பைச் சரிபார்க்கச் செய்த கருவிக்கும் ஒரே அளவு தருவதில்லை. நாசா கோடார்டு மையத்தின் பொதுச் சோதனைத் தரத்தில், சுமார் 22 கிலோவுக்கு உட்பட்ட கருவியின் வடிவமைப்பைச் சரிபார்க்க 14.1 ஜி ஆர்எம்எஸ், திசைக்கு 2 நிமிடம். அந்தச் சோதனையைத் தாங்கிய கருவி பறக்காது. அதே வரைபடத்தின்படி செய்த அடுத்த கருவிக்குப் பாதி ஆற்றலில் 10 ஜி ஆர்எம்எஸ், திசைக்கு 1 நிமிடம் மட்டும் கொடுத்து, பற்றும் திருகும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அதை ராக்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு கருவிகள் செய்யப் பணமில்லாத சிறிய திட்டங்களில் ஒரே கருவிக்கு முழு அளவைப் பாதி நேரம் கொடுத்து, அதையே பறக்கவிடுவதும் உண்டு. அங்கே சோதனைக் கூடத்தில் கன்ட்ரோலரின் முன் அமர்ந்திருப்பவருக்கு ஹெஸ்ஸியைப் போல் ஒரு தவறு நேர்ந்தால் மாற்றி வைக்க இன்னொன்று இல்லை.